குடும்பத்துக்கு ரெண்டு பாக்கெட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து யாருக்கும் புரியாது. மறுநாள் பார்த்தால் எனக்கே புரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு என் கை அதிகம் பிடித்தது புல்வெட்டும் மெஷினைத்தான். அது நாள் முழுவதும் உதறும். இறக்கி வைத்த பிறகும் கை கொஞ்ச நேரம் தானாக உதறிக்கொண்டிருக்கும். அந்தக் கையால் எழுதியது இது. ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அது ஓடும்போது யாரும் கிட்டே வந்து பேசமாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே நான் பேசக் கூச்சப்படுகிறவன். திக்குவாய் இல்லை. சொல்ல வேண்டியது நெஞ்சு வரைக்கும் ஒழுங்காக வரும், தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐம்பது வயது நெருங்கியும் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். பெண் பார்க்கப் போன வீடுகளில் காப்பியைக் குடித்தேன், தரையைப் பார்த்தேன், எழுந்து வந்தேன். பத்து காஜா என்ற ஊரில் இருக்கும் என் அக்கா, "பொண்ணைப் பாக்கச் சொன்னா சிமெண்டைப் பாத்துட்டு வர்றியேடா" என்று திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

இப்படிப்பட்டவனுக்கு மினி மார்க்கெட் மாதிரி நல்ல இடம் வேறு கிடையாது. நான் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில் இருக்கிறேன். தெருமுனையில் ஒரு தமிழ் முஸ்லிம் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அவர் பாய். உள்ளே போகலாம், வேண்டியதைக் கூடையில் போடலாம், காசைக் கொடுக்கலாம், வரலாம். ஒரு வார்த்தை செலவில்லை. எத்தனையோ வருஷம் அப்படித்தான் குடும்பம் நடத்தினேன், ஒரு ஆள் குடும்பம்.

ஒருநாள் வேலை முடிந்து போனபோது பாக்கெட் எண்ணெய் இருக்கும் இடம் காலியாக இருந்தது. மலிவு விலையில் விற்கும் அந்த ஒரு கிலோ பிளாஸ்டிக் பாக்கெட்தான். நாளைக்கு வரும் என்று நினைத்தேன். மறுநாள் அந்த இடத்தில் உப்புப் பாக்கெட்டுகளை அகலமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். ஓட்டை தெரியாமல் இருக்கப் பாய் செய்த வேலை. அடுத்த வாரம் முட்டைத் தட்டுகள் இருந்த இடத்தில் மெகி மீ நூடுல்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துகொண்டு இருப்பதையும் அள்ளிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பேசாத ஆளுக்குக் கண் கூர்மை. எந்தச் சாமான் எந்த இடத்துக்கு நகர்ந்தது என்று எனக்கு மனப்பாடம். உப்பு அகலமானால் எண்ணெய் இல்லை. நாய்க்குப் போடும் சோப்பு முன் வரிசைக்கு வந்தால் சீனி இல்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், நான் புல் வெட்டுகிற இடத்தில் பாதி செம்பனைக் காடுதான். என் அப்பா அம்மா பால் வெட்டிய ரப்பர் காட்டை அழித்து அந்தச் செம்பனையை நட்டார்கள். அந்தப் பழத்தைப் பிழிந்துதான் பாக்கெட் எண்ணெய் வருகிறது. காலையிலிருந்து சாயந்திரம் வரை எண்ணெய்க்கு நடுவில் நிற்கிறேன், வீட்டில் ஒரு அப்பளம் பொரிக்க வழியில்லை.

எண்ணெய் அடியோடு வராமல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்ததைப் பாய் வெளியே அடுக்காமல் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கேட்டால்தான் கிடைக்கும். எனக்கு வந்த கஷ்டம் அதுதான். ஊருக்கெல்லாம் எண்ணெய்ப் பஞ்சம். எனக்கு வாய்ப் பஞ்சம். கேட்க வெட்கப்பட்டு மரவள்ளிக் கிழங்கை அவித்துச் சாப்பிட்டேன், கீரையை அவித்துச் சாப்பிட்டேன், மத்தி டின்னைத் திறந்து சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்து என்ன சமையல் என்று கேட்டாள். அவியல் என்றேன். பொய் இல்லை.

கடைசியில் ஒருநாள் நாக்கு செத்துப்போய் வரிசையில் போய் நின்றேன். கல்லாவில் பாய் இல்லை. சாமான் தேடி ஈப்போவில் மொத்தக் கடை மொத்தக் கடையாக அலைந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். பாயம்மா அதற்கு முன்னால் கடைக்கு வந்ததே இல்லை. எங்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. தலைக்கு மேலே அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது: ஒரு குடும்பத்துக்கு ரெண்டு பாக்கெட்.

எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். வயது என்னைவிட நாலைந்து குறைவாக இருக்கலாம். பின்வரிசை வீட்டுக்குப் புதிதாக வந்தவள் என்று மட்டும் தெரியும். அரிசி மூட்டையைக் காலால் தள்ளித் தள்ளி முன்னேறிக்கொண்டிருந்தாள். கல்லா வந்ததும் அவள் குனிவதற்குள் நான் அதைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பேசாத ஆள் வேறு என்ன செய்வான், மூட்டை தூக்குவான். நான் செய்தது அவ்வளவுதான்.

பாயம்மா ரெண்டு பாக்கெட் எண்ணெயை அவள் கையில் கொடுத்தார். நான் விரலை நீட்டி எண்ணெயைக் காட்டினேன்.

"அதான் உங்க வீட்டம்மா கையில குடுத்துட்டேனே தம்பி. ஒரு குடும்பத்துக்கு ரெண்டுதான். ஆளுக்கு ரெண்டு இல்ல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் இருந்த ஒரு சீனக் கிழவர், "சிப்பாட்லா, சிப்பாட்லா" என்று அவசரப்படுத்தினார். இவர் என் புருஷன் இல்லை என்று அத்தனை பேருக்கு முன்னால் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எதைத்தான் சொன்னேன், இதைச் சொல்ல? மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். வெளியே வந்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"இதென்ன கூத்து. இந்தாங்கண்ணே, உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"சரி" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அது ஒன்றுதான். அன்றிரவு அப்பளம் பொரித்தேன், கருவாடு பொரித்தேன், கடைசியில் ஒன்றும் இல்லாமல் ரெண்டு வெங்காயத்தையும் பொரித்தேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாயம்மாவுக்கு ஞாபகசக்தி அதிகம். அடுத்த வாரம் முட்டை வந்த சேதி கேட்டுப் போய் நின்றால், "உங்க வீட்டம்மா காலையிலேயே வாங்கிட்டுப் போயாச்சு" என்றார். அவர் மனதில் நாங்கள் ஒரு குடும்பமாகப் பதிந்துவிட்டோம். திருத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அன்றைக்கெல்லாம் கேட்டுக்கொண்டேன். திருத்துவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

சாயந்திரம் அவளே என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "அண்ணே, உங்க பங்கு முட்டை என் வீட்டுல இருக்கு. ஆள் இருக்கும்போது வந்து எடுத்துக்கோங்க." போனேன். பத்து முட்டைப் பெட்டி அது. எனக்கு ஐந்தை எண்ணிக் கையில் கொடுத்தாள். வாங்கி வைக்க எதையும் நான் கொண்டுபோகவில்லை. மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கழற்றி முட்டையை அதற்குள் வைத்தேன். தொப்பி இல்லாமல் ஓட்டக்கூடாதே என்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், தொப்பியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. அவளுடைய மகள் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. மகளுக்கு ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. அந்த வேலைக்காகத்தான் கோலா கங்சாரிலிருந்து ரெண்டு பேரும் இங்கே குடிவந்திருந்தார்கள். வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகிறது. இவள் பசாருக்குப் பக்கத்தில் டோபிக் கடையில் துணி மடிக்கிறாள். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. முட்டை எண்ணும்போது அவள் சொன்னது.

அடுத்த முறை அவள் ஒரு மங்குத் தூக்குவாளியில் முட்டையைப் போட்டுக் கொடுத்தாள். "தொப்பியைத் தலையில போடுங்கண்ணே, அதுக்குத்தான் அது."

தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. என் வீட்டில் என்ன இருக்கிறது? கடையிலும் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கருவேப்பிலை மரம் இருந்தது. தூக்கு நிறையக் கருவேப்பிலையைப் பறித்துப் போட்டு அவள் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். ரெண்டு நாள் கழித்துத் தூக்கு என் கேட்டில் தொங்கியது. உள்ளே கருவேப்பிலைத் துவையல். வெறும் தூக்கைக் கொடுக்க முடியாதே, புல் வெட்டுகிற இடத்தில் கிடைத்த பாக்குக் கீரையை, நுனி சுருண்டு முளைக்கும் காட்டுக் கீரை அது, கொழுந்தாகப் பார்த்துப் பறித்துப் போட்டேன். அது பிரட்டலாகத் திரும்பி வந்தது. இப்படியே அந்தத் தூக்கு நிற்கவில்லை. யார் முதலில் கொடுத்தது, யார் முறை இது என்பதெல்லாம் மறந்தே போனது.

சீனி கிடைக்காமல் போனது. பிறகு உள்ளூர் அரிசி. சாமான் வந்தால் எங்களில் யார் முதலில் போகிறோமோ அவர் வாங்குவார், சாயந்திரம் பங்கு பிரிப்போம். அவள் வீட்டு வாசலில் ஒரு பழைய தராசு. அவள் சீனியை நிறுத்துக்கொண்டே டோபிக் கடைக் கதை சொல்வாள். யாரோ ஒருவர் சட்டைப் பையில் மீன் வறுவலை வைத்தபடியே துவைக்கப் போட்டாராம். நான் சிரிப்பேன். நாளாக நாளாக ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை சொன்னேன். செம்பனைக் காட்டில் உடும்பு என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை முழுதாகச் சொல்லி முடித்த அன்று எனக்கே ஆச்சரியம். மகள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தால் உள்ளே திரும்பி, "ம்மா, எண்ணெய் அங்கிள் வந்துட்டாரு" என்பாள்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சாமான் சீக்கிரம் வரவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் வேறு கவலை. சாமான் வந்துவிட்டால்? தட்டு நிறைந்துவிட்டால் பங்கு எதற்கு, தராசு எதற்கு? நான் என்ன சாக்கைச் சொல்லிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பேன்? கடைக்குள் நுழைந்தால் முதலில் உப்பைப் பார்ப்பேன். உப்பு அகலமாக இருந்தால் நிம்மதி. அவளைக் கேட்டுவிட வேண்டும், அதுவும் கடை நிறைவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

அக்காவுக்குப் போனில் சொன்னேன். முகம் தெரியாததால் போனில் எனக்குக் கொஞ்சம் பேச வரும்.

"அவங்க ஒன்னை எப்படிக் கூப்பிடுறாங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"அண்ணேன்னு."

"போச்சு. தங்கச்சியாயிட்டாங்க. ஒனக்குன்னு அமையுது பாரு."

அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டவளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? தப்பாக நினைத்துவிட்டால் தூக்கும் நின்றுபோகும். அடுத்த சில நாள் நான் ஒன்றைத்தான் கவனித்தேன். அவள் கேட்டுக்கு வந்து, "வீட்டுல ஆள் இருக்கா?" என்றாள். தூக்கை நீட்டி, "இந்தாங்க" என்றாள். கடையில் என்னைப் பார்த்து, "அரிசி வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றாள். அண்ணே எங்கே என்று தேடினேன். இல்லை. எந்த நாளிலிருந்து இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். உடும்புக் கதைக்கு முன்பே காணாமல் போயிருந்தது. கடையில் எண்ணெய் குறைந்ததை முதல் நாளே பார்த்த கண், இதைப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு மறுபடியும் போன்.

"இப்ப அண்ணேன்னு கூப்பிடுறதில்ல."

"பின்ன எப்படிக் கூப்பிடுறாங்க?"

"ஒண்ணும் சொல்லிக் கூப்பிடுறதில்ல."

"மடையா, அதுக்கு மேல ஒரு பொம்பளை என்னதான்லா செய்வாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தீபாவளி நெருங்கியது. ஒரு சாயந்திரம் கடைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உப்பு தன் பழைய இடத்துக்குப் போய் ஒல்லியாக நின்றது. பக்கத்தில் கீழிருந்து மேல்வரை பாக்கெட் எண்ணெய், மஞ்சள் மஞ்சளாக. கல்லாவுக்கு மேலே அட்டை இல்லை. அதை ஒட்டியிருந்த டேப் மட்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் சந்தோஷமாக அள்ளிக்கொண்டு போனார்கள். எண்ணெயைப் பார்த்து வருத்தப்பட்டு நின்ற ஆள் அன்றைக்குப் பேராக்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் வந்தாள். டோபிக் கடையிலிருந்து நேராக வந்ததால் அவள்மேல் சோப்பு வாசம். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரெண்டு பாக்கெட் எடுத்துக் கூடையில் போட்டாள். பிறகு வழக்கம் போல அதில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அதான் கடை நெறைய இருக்கே" என்றேன்.

"இருந்தா என்ன? இது உங்க பங்கு."

நான் அதைக் கையில் வாங்கினேன். தரையைப் பார்த்தேன்; பாயின் கடைத் தரை சதுரம் சதுரமாக, ஒரு ஓரம் உடைந்து இருக்கும். இந்த முறையும் சிமெண்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று அக்காவிடம் சொல்ல முடியாது. பாக்கெட்டைத் திரும்பவும் தட்டில் வைத்தேன்.

"ஒரே வீடா இருந்தா ஒண்ணு போதும்" என்றேன்.

தொண்டையில் உட்காராமல் முழுசாக வெளியே வந்துவிட்டது. அவள் கையை நீட்டி நான் வைத்த பாக்கெட்டை எடுத்துத் தன் கூடையில் போட்டாள். இப்போது கூடையில் ரெண்டு. முடிந்தது, வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன்.

"தீபாவளி வருதுலா" என்றாள் கூடையைப் பார்த்தபடி. "முறுக்கு சுடணும், அதிரசம் சுடணும். என் மகளும் இருக்கா. மூணு பேருக்கு ஒண்ணு எப்படிக் காணும்?"

கல்லாவில் பாயம்மா ரெண்டு பாக்கெட்டையும் பார்த்துவிட்டு, "இப்ப எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம்லா, தெரியாதா?" என்றார். "இது போதும்" என்று ரெண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

கல்யாணப் பத்திரிகையைப் பாயம்மாவுக்குக் கொடுக்க நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து போனோம். அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இது யாருக்குக் கல்யாணம்?"

"எங்களுக்குத்தான்" என்றாள் அவள்.

"அப்ப இத்தனை நாளா?"

விளக்கிச் சொன்னாள். பாயம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பங்கைக் குடுக்க வெச்சிட்டீங்களே. நான் ஒருத்தர் பங்கைத் தின்னுட்டேன்னு ஆச்சே. ஒரு வார்த்தை சொன்னா என்ன?" உள்ளேயிருந்து வந்த பாய் என்னைக் காட்டிச் சொன்னார்: "அவரா? இத்தனை வருஷமா என் கடைக்கு வர்றாரு. குரல் எப்படி இருக்கும்னு எனக்கே இன்னும் தெரியாது."

தை மாதம் கோயிலில் கல்யாணம் நடந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, நான் தலை நிமிர்ந்து இருக்கிறேனா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பாயும் பாயம்மாவும் பெரிய பெட்டி ஒன்றைப் பரிசுக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே எண்ணெய், பாக்கெட் இல்லை, பெரிய போத்தலில். மேலே ஒரு துண்டு அட்டை. அதில் பாயம்மா எழுதியிருந்தார்: விட்டுப்போன பங்கு.

இன்றைக்குச் சீனப் பெருநாளின் இரண்டாவது நாள். வேலை இல்லை. எண்ணெய் அங்கிளாக இருந்தவன் இப்போது எண்ணெய் அப்பாவாகிவிட்டேன். மகள்தான், "பேசத்தான் மாட்டேங்கிறீங்க, எழுதியாவது வைங்க" என்று ஒரு பேனாவைக் கையில் திணித்தாள். காலையிலிருந்து எழுதுகிறேன். அடுப்படியிலிருந்து சத்தம் வருகிறது: "என்னங்க, முட்டை தீந்துபோச்சு. பாய் கடை திறந்திருக்கு." தூக்கு வாசலில் மாட்டியிருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறேன், தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு.

11 பிப்ரவரி 2024, ஞாயிற்றுக்கிழமை